ஒரு மரபணுவை நீக்கினால் மூளையின் வடிவம் மாறுமா? சுண்டெலி மூளையை எம்ஆர்ஐயில் அளக்கும் முறை

வளர்ந்த சுண்டெலியின் மூளை ஏறக்குறைய 450 கன மில்லிமீட்டர், ஊறவைத்த மொச்சைக் கொட்டை அளவுதான். அதில் நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி இருபுறமும் சேர்ந்து 20 சொச்சம் கன மில்லிமீட்டர் வரும். ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்ததில் ஹிப்போகாம்பஸ் 4 சதவீதம் சுருங்கியது என்று வைத்துக்கொள்வோம். நாம் கண்டுபிடிக்க வேண்டிய மாற்றம் ஒரு கன மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும்.

இதில் சிக்கல் என்னவென்றால், மரபணுவுக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களும் இதே அளவு மாற்றத்தைக் கொண்டுவரும். ஒரு மூளை, திசு கெடாமல் நிலைப்படுத்தும் பாராஃபார்மால்டிஹைடில் கூடுதல் நாள் கிடந்திருக்கலாம். ஒரு தாயின் ஈற்றில் மூன்றே குட்டிகள் பிறந்து, மூன்றும் கொழுகொழுவென வளர்ந்திருக்கலாம். ஸ்கேனரின் அளவுகோல் ஒரு அச்சில் சற்றே பிசகியிருக்கலாம். எனவே இந்த வேலையில் முக்கால் பங்கு காந்தத்துக்கு முன்னால் உட்காருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. எலி வளர்ப்பிலும் ரத்தம் கழுவுவதிலும் செய்த பிழையை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. அதனால்தான் இங்கே அந்தப் பகுதிகளுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

உயிருடனா, உயிர் போன பிறகா

மயக்க நிலையில் உயிருள்ள சுண்டெலியை ஓரிரண்டு மணி நேரத்துக்கு மேல் காந்தத்துக்குள் வைத்திருப்பது நல்லதல்ல. அந்த நேரத்துக்குள் கிடைக்கும் படத்தில் ஒரு வாக்செலின் (முப்பரிமாணப் படத்தின் மிகச்சிறு கனசதுரம்) பக்கம் பெரும்பாலும் 80 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். உயிர் போன பிறகு ரசாயனத்தில் நிலைப்படுத்திய மூளையை இரவு முழுக்க ஸ்கேன் செய்யலாம், 40 மைக்ரானுக்கு இறங்கலாம். மூச்சோ அசைவோ இல்லாததால் படம் கலங்காது.

ஒரே விலங்கு வயதோடு எப்படி மாறுகிறது என்பது கேள்வியானால் உயிருடன்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். மூளைக்குள் இருக்கும் திரவ அறைகள் பெரிதாகியிருக்கின்றனவா என்று சந்தேகம் இருந்தாலும் அப்படித்தான். இறந்த பின் அந்த அறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. அங்கே அளந்த எண்ணை நம்ப முடியாது. மற்றபடி, வளர்ந்த மூளையின் எந்தெந்தப் பகுதி பெரிது, எது சிறிது என்ற கேள்விக்கு நிலைப்படுத்திய மூளையே சிறந்தது. டொரொன்டோவில் உள்ள மவுஸ் இமேஜிங் சென்டர் பல ஆண்டுகளாக இந்த வழியில்தான் வேலை செய்கிறது. ஆட்டிசத்தோடு தொடர்புடைய 26 வகைச் சுண்டெலிகளை அருகருகே வைத்து ஒப்பிட்டு 2015-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, எல்லா மூளைகளையும் ஒரே முறையில் பக்குவப்படுத்தியதால்தான் சாத்தியமானது. கீழே தரும் அளவுகள் பெரும்பாலும் அந்த முறையை ஒட்டியவை.

குட்டிகளைத் தேர்ந்தெடுப்பது

நாக்அவுட் எலிகளை (மரபணுவின் இரு பிரதிகளும் நீக்கியவை) ஒரு கூண்டிலும் வைல்டு டைப் எலிகளை (அந்த மரபணு மாறாதவை) இன்னொரு கூண்டிலும் தலைமுறை தலைமுறையாகத் தனித்தனியே வளர்த்து, கடைசியில் இரண்டையும் ஒப்பிடுவது மிகப் பரவலான தவறு. சில தலைமுறைகளிலேயே இரண்டு வம்சங்களும் தனித்தனிப் பாதையில் விலகிவிடும். விற்பனையாளரிடமிருந்து வைல்டு டைப் வாங்கி ஒப்பிடுவது இதைவிட மோசம். ஒரு பிரதி மட்டும் நீக்கிய (ஹெட்) ஆணையும் ஹெட் பெண்ணையும் சேர்த்து, ஒரே ஈற்றில் பிறந்த நாக்அவுட்டையும் வைல்டு டைப்பையும் ஒப்பிடுங்கள். தாயும் கூண்டும் பால் குடித்த நாட்களும் அப்போது பொதுவாகிவிடும்.

எத்தனை குட்டிகள் வேண்டும்? ஹெட்டுக்கு ஹெட் சேர்த்தால் நான்கில் ஒன்றுதான் நாக்அவுட். ஒவ்வொரு வகையிலும் 12 வேண்டுமென்றால், அதில் ஆறு ஆண், ஆறு பெண் என்று வைத்தால், கணக்குப்படி 48 குட்டிகள். ஆனால் தற்செயல் நம் கணக்குப்படி நடக்காது. கறுப்பெலி (சி57பிஎல்/6) இனத்தில் ஈற்றுக்கு ஆறு முதல் எட்டுக் குட்டிகள் என்பதால், பத்து ஈற்றுகளுக்குத் திட்டமிட்டால் நிம்மதி. நாக்அவுட் குட்டிகள் கால் பங்குக்கு வெகு கீழே வந்தால் நிறுத்தி யோசியுங்கள். கருவிலேயே சில இறக்கின்றன, பிழைத்தவை மட்டுமே உங்கள் கைக்கு வருகின்றன என்று அர்த்தம்.

12 என்ற எண் எங்கிருந்து வந்தது? ஒரே இனத்தில், ஒரே வயதில் மூளைப் பகுதிகளின் கன அளவு எலிக்கு எலி 3 சதவீதம் சிதறுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 12 எலிகள் இருந்தால், 3.6 சதவீத வேறுபாட்டை ஐந்தில் நான்கு முறை பிடிக்கலாம். ஆறே இருந்தால் 5 சதவீதத்துக்கும் மேல் வேறுபாடு வேண்டும். 20 இருந்தால் 2.7 சதவீதம்வரை இறங்கலாம். இது ஒரே ஒரு பகுதியை மட்டும் சோதிக்கும் கணக்கு. நூற்றுக்கு மேற்பட்ட பகுதிகளைச் சோதித்தால் தேவை இன்னும் கூடும். உங்கள் ஆய்வகத்தின் பழைய வைல்டு டைப் படங்களில் சிதறல் எவ்வளவு என்று அளந்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். சிறு பகுதிகளில் சிதறல் அதிகம் இருக்கும்.

மரபணுப் பின்னணியிலும் கவனம் தேவை. பழைய நாக்அவுட்கள் பெரும்பாலும் 129 என்ற சுண்டெலி இனத்தின் கருமூலச் செல்களில் செய்யப்பட்டு, பிறகு கறுப்பெலியோடு கலக்கப்பட்டவை. பத்துத் தலைமுறை கறுப்பெலியோடே மீண்டும் மீண்டும் கலந்தாலும் (பின்கலப்பு), நீக்கிய மரபணுவின் இருபுறமும் சேர்த்துச் சராசரியாக 20 சென்டிமார்கன் (மரபணு வரைபடத்தின் நீள அலகு) நீளத்துக்கு 129-இன் துண்டு ஒட்டிக்கொண்டே வரும். அதில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இருக்கலாம். உங்கள் நாக்அவுட்டில் தெரியும் மாற்றம் அந்தப் பக்கத்து மரபணுக்களின் வேலையாகவும் இருக்கலாம். 129 இனத்தின் சில கிளைகளில் இரண்டு அரைக்கோளங்களை இணைக்கும் கார்பஸ் கலோசம் இயல்பாகவே குறைபட்டிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். பிடிபிஆர் இனத்திலோ அது அறவே இல்லை. கறுப்பெலியிலும் சி57பிஎல்/6ஜே, சி57பிஎல்/6என் இரண்டும் ஒன்றல்ல. ஜே கிளையில் என்என்டி மரபணு சிதைந்திருக்கிறது, என் கிளையில் கண்ணைப் பாதிக்கும் ஆர்டி8 மாற்றம் இருக்கிறது. எதை எதோடு கலந்தீர்கள் என்பதை முதல் நாளிலிருந்தே எழுதி வையுங்கள்.

வயதையும் நிர்ணயித்துவிடுங்கள். 60 நாள் என்றால், இரண்டு நாள் முன்பின்னுக்குள் எல்லா எலிகளும் முடிய வேண்டும். நாக்அவுட்டெல்லாம் திங்கள்கிழமை, வைல்டு டைப்பெல்லாம் வியாழக்கிழமை என்று பிரிக்கவே கூடாது. ஒவ்வொரு நாளும் இரண்டு வகையும் கலந்தே போக வேண்டும். வேலை செய்பவருக்கு எண் மட்டுமே தெரியட்டும், வகை தெரிய வேண்டாம்.

கரைசல்கள்

ஓர் எலிக்கு இரண்டு கரைசல்கள், ஒவ்வொன்றும் 30 மி.லி. முதலாவது பி.பி.எஸ். உப்புக் கரைசல், அமிலகாரச் சுட்டெண் 7.4. அதில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மி.லி.க்கு ஒரு யூனிட், 2 மில்லிமோலார் காடோடெரிடால். இரண்டாவது, 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடு. அதிலும் அதே 2 மில்லிமோலார் காடோடெரிடால் இருக்க வேண்டும்.

காடோடெரிடால் என்பது மருத்துவமனைகளில் புரோஹான்ஸ் என்ற பெயரில் வரும் காடோலினியம் மருந்துதான். குப்பியில் அது 0.5 மோலார் செறிவில் இருக்கும். 2 மில்லிமோலாருக்கு 250-இல் ஒரு பங்கு, அதாவது மி.லி.க்கு 4 மைக்ரோ லிட்டர். ஓர் எலியின் 60 மி.லி.க்கு 0.24 மி.லி. போதும். திசுவில் நீரின் டி1 நேரத்தை (ஒரு துடிப்புக்குப் பின் சமிக்ஞை மீள எடுக்கும் நேரம்) இது வெகுவாகக் குறைப்பதால், அடுத்தடுத்த துடிப்புகளை நெருக்கமாகக் கொடுத்து ஒரே இரவில் நிறையச் சமிக்ஞை சேர்க்கலாம். காடோலினியம் இல்லாமலும் ஸ்கேன் செய்யலாம், ஆனால் அதே தரத்துக்குப் பல மடங்கு நேரம் பிடிக்கும்.

பாராஃபார்மால்டிஹைடைப் பழைய பாட்டிலில் இருந்து ஊற்றாதீர்கள். 16 சதவீத ஆம்ப்யூல் 10 மி.லி.யோடு பி.பி.எஸ். சேர்த்து மொத்தம் 40 மி.லி. ஆக்கினால் 4 சதவீதம் கிடைக்கும். அன்றன்று கலக்குங்கள். எல்லா எலிகளுக்கும் ஒரே லாட் எண் கொண்ட ஆம்ப்யூல்களை முன்கூட்டியே வாங்கி வைத்தால் பின்னால் சந்தேகம் எழாது. ஆவி கண்ணையும் மூக்கையும் அரிக்கும், புற்றுநோய் அபாயமும் உண்டு. புகைபோக்கிப் பெட்டிக்குள் மட்டுமே இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

சேமிப்புக்கு மூன்றாவது கரைசல்: பி.பி.எஸ்., 2 மில்லிமோலார் காடோடெரிடால், 0.02 சதவீத சோடியம் அசைடு. லிட்டருக்கு 200 மில்லிகிராம் அசைடு. பூஞ்சையும் பாக்டீரியாவும் வராமல் இது காக்கிறது. கடும் நஞ்சு. அமிலம் பட்டால் நச்சு வாயு கிளம்பும். செம்பு, ஈயக் குழாய்களில் சேர்ந்தால் வெடிக்கும் உப்பாக மாறும். ஒரு துளிகூடத் தொட்டியில் ஊற்ற வேண்டாம், தனிக் கழிவுப் பாட்டிலில் சேருங்கள்.

ரத்தம் கழுவுதல்

நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கையில் இருந்த பிறகே இது தொடங்க வேண்டும். இந்தியாவில் கெட்டமின் ஷெட்யூல் எக்ஸ் மருந்து. பூட்டிய அலமாரியும் பதிவேடும் கட்டாயம். கிலோ எடைக்கு 150 மில்லிகிராம் கெட்டமின், 10 மில்லிகிராம் சைலசின் இரண்டையும் வயிற்றறைக்குள் செலுத்துங்கள். பின்னங்கால் விரலை இறுக்கிக் கிள்ளினால் கால் அசையக் கூடாது. சற்றே அசைந்தாலும் காத்திருங்கள். இது அந்த விலங்குக்கு நாம் பட்ட கடன், இதில் அவசரம் கூடாது.

மார்புக் கூட்டைத் திறந்து, 25 கேஜ் பட்டாம்பூச்சி ஊசியை இதயத்தின் இடது கீழறையில் நுனி வழியாகச் செலுத்துங்கள். உள்ளே சில மில்லிமீட்டர் போதும். வலது மேலறையைச் சிறு கத்தரியால் வெட்டிவிடுங்கள், ரத்தம் வெளியேற வழி வேண்டும். பம்பை நிமிடத்துக்கு 1 மி.லி. வேகத்தில் ஓடவிடுங்கள். கழுவ அரை மணி, நிலைப்படுத்த அரை மணி. வேகமாகத் தள்ளினால் நேரம் மிச்சம்தான், ஆனால் அழுத்தத்தில் நுண்குழாய்கள் வெடித்து மூளை வீங்கும்.

சரியாகப் போகிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். கருஞ்சிவப்பாக இருக்கும் கல்லீரல் சில நிமிடங்களில் வெளிறி, வெளிர்பழுப்பு நிறத்துக்கு வரும். மூக்கு நுனியும் பாதங்களும் வெளுக்கும். நிலைப்படுத்தும் கரைசல் வந்ததும் முன்னங்கால்கள் நடுங்கி, வால் வளைந்து, பிறகு உடம்பு மரக்கட்டைபோல் விறைக்கும். மூக்கில் நுரையோ தெளிந்த நீரோ வழிந்தால், ஊசி இதயத்தின் நடுச்சுவரைத் துளைத்து வலப்பக்கம் போய்விட்டது. கரைசல் நுரையீரலுக்குப் போகிறது, மூளைக்கு வரவில்லை. ஊசியைச் சற்றே பின்னிழுங்கள். கல்லீரல் திட்டுத்திட்டாகச் சிவந்தே இருந்தால் கழுவல் அரைகுறை.

அரைகுறைக் கழுவலின் விலை படத்தில் தெரியும். தங்கிய ரத்தத்தில் உள்ள இரும்பு, காந்தப்புலத்தைக் குலைத்துக் கரும்புள்ளிகளை உண்டாக்கும். படங்களைப் பொருத்தும் மென்பொருள் அந்தப் புள்ளியைத் திசுவின் ஓரம் என்று நினைத்துக்கொள்ளும். குழாயில் ஒரு காற்றுக்குமிழி போனாலும் இதே கதை: குமிழி ஒரு தமனியை அடைத்து, அந்தக் கிளை ஊட்டும் பகுதி முழுக்கக் கழுவப்படாமல் போகும். ஊசி செருகும் முன் குழாயைக் கரைசலால் நிரப்பி, முழு நீளத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

வால் நுனியை வெட்டித் தனிக் குப்பியில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள். மூன்று மாதம் கழித்து ஓர் எலி மட்டும் தன் குழுவோடு ஒட்டாமல் நின்றால், மரபணு வகையை மறுபடி பி.சி.ஆரில் பார்க்க அதுவே ஆதாரம். வகை மாறிப்போன எலி என்பது எல்லா ஆய்வகங்களிலும் எப்போதாவது நடப்பதுதான்.

மூளையை ஓட்டுக்குள்ளேயே விடுங்கள்

தலையைத் துண்டித்து, தோல், கண்கள், கீழ்த்தாடை, காது மடல், குருத்தெலும்பான மூக்கு நுனி ஆகியவற்றை நீக்குங்கள். மண்டை ஓட்டைத் திறக்க வேண்டாம். மூளையை வெளியே எடுத்தால் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் முகர்குமிழ்கள் கிழியும். சிறுமூளையின் பக்கவாட்டு மடிப்பான பாராஃப்ளோக்குலஸ் எலும்புக் குழிக்குள் செருகிக் கிடப்பதால் முறிந்து அங்கேயே தங்கிவிடும். வெளியே எடுத்து வைத்த மூளை தன் எடையாலேயே கீழ்ப்பக்கம் தட்டையாகும். ஓடு ஒரு பெட்டிபோல் அதைத் தாங்கிக்கொள்கிறது.

தோல் நீக்கிய தலையை 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடு, காடோடெரிடால் கலவையில், 4 டிகிரி செல்சியஸில் 12 மணி நேரம் வையுங்கள். பிறகு சேமிப்புக் கரைசலுக்கு மாற்றுங்கள். மாலை ஏழுக்குப் போட்டால் காலை ஏழுக்கு எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று திங்கள்வரை விட்டுவைத்த ஒரு தொகுதி, மற்றத் தொகுதிகளோடு ஒருபோதும் சேராது.

சேமிப்புக் கரைசலில் ஒரு மாதமாவது கிடக்கட்டும். காடோலினியம் மூளையின் நடுப்பகுதிவரை சீராகப் பரவ வேண்டும், மிச்ச ஃபார்மால்டிஹைடு வெளியேற வேண்டும். முதல் வாரங்களில் மூளையின் கன அளவும் பளிச்சும் மாறிக்கொண்டே இருக்கும். நிலைப்படுத்தும் நேரமும் சேமிப்பு நேரமும் பகுதிகளின் அளவை மாற்றுகின்றன என்பது இதற்கென்றே செய்த அளவீடுகளில் தெரியவந்த செய்தி. அதனால் நாள் கணக்கைப் பதிவேட்டில் எழுதி, எல்லா மாதிரிகளையும் ஏறக்குறைய ஒரே நாள் இடைவெளியில் ஸ்கேனுக்கு அனுப்புங்கள்.

காந்தத்துக்குள்

தலையை ஒரு பிளாஸ்டிக் குழாயில் வைத்து, ஃபோம்ப்ளின் போன்ற புளோரின் எண்ணெயால் நிரப்புங்கள். அதில் ஹைட்ரஜன் இல்லாததால் படத்தில் கறுப்பாகவே இருக்கும், ஓரங்களில் புலம் குலைவதையும் குறைக்கும். இந்த எண்ணெய் தண்ணீரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனமானது, தலை மிதக்கும். பிளாஸ்டிக் ஆப்பு வைத்து அசையாமல் இறுக்குங்கள். காது எலும்புக் குழிக்குள் குமிழி ஒளிந்திருக்கும். குழாயைச் சாய்த்து மெல்லத் தட்டினால் வெளியே வரும். வராவிட்டால் மெல்லிய வெற்றிடத்தில் சில நிமிடங்கள் வையுங்கள். ஒரு மிளகளவு குமிழி போதும், பக்கத்து மூளைப் பகுதியில் கரும்பள்ளம் விழ.

இடது, வலது குறி வையுங்கள். சுண்டெலி மூளை இருபுறமும் அவ்வளவு ஒத்திருப்பதால், கணினியில் படம் கண்ணாடி பிம்பமாகத் திரும்பினாலும் கண்ணுக்குத் தெரியாது. ஓட்டின் இடப்பக்கம் நீர் நிறைத்த நுண்குழாய்த் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டால் தீர்ந்தது.

7 டெஸ்லா காந்தத்தில் நம்பகமான அமைப்பு இது: முப்பரிமாண ஃபாஸ்ட் ஸ்பின் எக்கோ என்ற படமெடுப்பு முறை, டிஆர் (துடிப்புகளுக்கு இடையிலான நேரம்) 350 மில்லி விநாடி, 12 மில்லி விநாடி இடைவெளியில் ஆறு எக்கோக்கள், பார்வைப் புலம் 20, 20, 25 மி.மீ., அணி 504, 504, 630. வாக்செலின் பக்கம் 40 மைக்ரான், நேரம் சுமார் 14 மணி. ஓர் இரவுக்கு ஒரு தலை என்றால் 24 எலிக்கு ஒரு மாதம் போகும். 16 சுருள்களை அடுக்கி 16 தலைகளை ஒரே நேரத்தில் எடுக்கும் ஏற்பாடு டொரொன்டோவில் இருக்கிறது. அது இல்லாத இடத்தில் தெளிவைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். வாக்செலின் பக்கத்தை 40-இலிருந்து 80 மைக்ரானாக்கினால் கன அளவு எட்டு மடங்கு, சமிக்ஞையும் எட்டு மடங்கு. சராசரி எடுத்து அதே சமிக்ஞையை 40 மைக்ரானில் பெற வேண்டுமானால் 64 மடங்கு நேரம் பிடிக்கும். மூளைப் பகுதிகளின் கன அளவு மட்டுமே கேள்வியென்றால் 60, 70 மைக்ரானே தாராளம்.

அளவுகோலைச் சரிபார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். அளவு தெரிந்த பிளாஸ்டிக் சட்டகம் ஒன்றை வாரம் ஒருமுறையும், சாய்வுச் சுருளில் பழுது பார்த்த பிறகு கட்டாயமாகவும் ஸ்கேன் செய்யுங்கள். ஒவ்வோர் அச்சிலும் 1 சதவீதம் பிசகினால் கன அளவில் 3 சதவீதம். நாம் தேடும் மரபணு விளைவும் அதே அளவுதான். பல சுருள்கள் கொண்ட ஏற்பாட்டில் ஓரத்தில் உள்ள சுருளில் வடிவம் கூடுதலாகக் கோணும். நாக்அவுட்டுகளை எல்லாச் சுருள்களிலும் பரவலாக வையுங்கள்.

படங்களை ஒன்றோடொன்று பொருத்துதல்

முதலில் ஒவ்வொரு படத்தையும் கண்ணால் பாருங்கள். மூன்று திசையிலும் துண்டு துண்டாக ஓட்டி, கிழிசல், குமிழி, கரும்புள்ளி, வெளிச்சக் குறைவு ஆகியவற்றைக் குறித்து, தள்ள வேண்டியதை இப்போதே தள்ளிவிடுங்கள். முடிவு தெரிந்த பிறகு மாதிரியைத் தள்ளினால் அது நேர்மையாகாது.

அடுத்து ஒளிச்சீர்மை திருத்தம், அதற்கு என்4 என்ற மென்பொருள் போதும். பிறகு திருப்பி நகர்த்தி ஒரே நிலைக்குக் கொண்டுவருதல், இழுத்துச் சாய்த்துப் பொருத்துதல், கடைசியில் வாக்செல் வாக்செலாக நெளித்துப் பொருத்துதல். ஏதோ ஓர் எலியின் மூளையை இலக்காக வைக்காமல், எல்லா மூளைகளின் சராசரியை மறுபடி மறுபடி கட்டி அதையே இலக்காக்குங்கள். வைல்டு டைப் ஒன்றை இலக்காக்கினால், வைல்டு டைப்புகள் மற்றவற்றைவிட நன்றாகப் பொருந்தி, பொருத்தத்தின் தரமே குழு வேறுபாடாக வேடம் போடும். இதற்கான ஏஎன்டிஎஸ், பைட்பைப்பர் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். மனித மூளைக்கென்று எழுதிய கருவியைப் பயன்படுத்தினால் படக் கோப்பின் தலைப்புத் தகவலில் வாக்செல் அளவைப் பத்தால் பெருக்க வேண்டியிருக்கும். மில்லிமீட்டருக்கு வெகு கீழான வாக்செலை அவை எதிர்பார்ப்பதில்லை. முடிவில் அதே பத்தால், கன அளவானால் ஆயிரத்தால், வகுக்க மறக்காதீர்கள்.

நெளித்துப் பொருத்திய கணக்கிலிருந்து ஜேக்கோபியன் என்ற எண் ஒவ்வொரு வாக்செலுக்கும் கிடைக்கும். 1.05 என்றால் அந்த இடம் சராசரியைவிட 5 சதவீதம் பெரிது, 0.95 என்றால் 5 சதவீதம் சிறிது. மடக்கை எடுத்துப் பயன்படுத்தினால் பெருக்கமும் சுருக்கமும் சமச்சீராக நிற்கும். பகுதி வரைபடத்தைச் சராசரி மூளை மேல் போட்டு ஒவ்வொரு பகுதிக்கும் கன அளவைக் கூட்டிக்கொள்ளலாம். வரைபடம் சரியாக உட்கார்ந்ததா என்று நான்கைந்து எலிகளிலாவது எல்லைக் கோட்டைப் பார்த்துச் சரிபாருங்கள். ஹிப்போகாம்பஸின் ஓரம் பக்கத்திலுள்ள நார்க்கற்றைக்குள் ஊடுருவி நின்றால், நீங்கள் அளப்பது நார்க்கற்றையைத்தான்.

கணக்கு

40 மைக்ரானில் ஒரு மூளைக்கு சுமார் 70 லட்சம் வாக்செல்கள். மரபணுவால் எதுவுமே மாறாத மூளையிலும், பி மதிப்பு 0.05 என்ற வரம்பை வைத்தால் மூன்றரை லட்சம் வாக்செல்கள் வண்ணம் பூசிக்கொண்டு நிற்கும். படம் அழகாக இருக்கும், பொருள் இருக்காது. தற்செயலாக வரும் பொய்க் கண்டுபிடிப்புகளைக் கட்டுப்படுத்தும் எஃப்.டி.ஆர். திருத்தம் இல்லாத வண்ணப்படத்தை யாருக்கும் காட்ட வேண்டாம்.

புள்ளியியல் மாதிரியில் மரபணு வகை, பால் (ஆணா, பெண்ணா), இரண்டின் கூட்டு விளைவு ஆகியவை இருக்கட்டும். ஈற்றைத் தற்செயல் விளைவாக (ரேண்டம் எஃபெக்ட்) சேருங்கள். ஒரே தாயின் ஐந்து குட்டிகள் ஐந்து தனிச் சான்றுகள் ஆகமாட்டா. பாலைத் தவிர்க்கவே முடியாது: ஆண் எலியில் ஹைப்போதலாமஸின் முன்பார்வைப் (ப்ரீஆப்டிக்) பகுதியும் அமிக்டலாவின் உட்பகுதியும் பெரிதாக இருப்பது நன்கு தெரிந்த செய்தி. நாக்அவுட் குழுவில் ஆண் கூடிவிட்டால் அந்த வேறுபாட்டை மரபணுவின் கணக்கில் எழுதிவிடுவோம்.

கன அளவை அப்படியே எடுப்பதா, மொத்த மூளையின் சதவீதமாக எடுப்பதா? இரண்டையும் எடுங்கள், இரண்டையும் வெளியிடுங்கள். மொத்த மூளையே 6 சதவீதம் சிறுத்த நாக்அவுட் ஒன்றில் சிறுமூளை மட்டும் சுருங்காமல் நின்றால், சதவீதக் கணக்கில் சிறுமூளை வளர்ந்ததுபோல் தெரியும். உண்மையில் அது மாறவே இல்லை. ஒரே எண்ணைக் கொண்டு கதை சொல்லும் கட்டுரைகளில் இந்தக் குழப்பம் மீண்டும் மீண்டும் வருகிறது.

ஒரு பகுதி பெரிதாகியிருக்கிறது என்று படம் சொல்லும், ஏன் என்று சொல்லாது. செல்கள் கூடினவா, பருத்தனவா, கிளைகள் அடர்ந்தனவா, நார் உறை தடித்ததா என்பதை நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும். ஸ்கேன் முடிந்த மூளையை எறியாமல், இப்போது ஓட்டைத் திறந்து எடுத்து, வெட்டிச் சாயமிடுங்கள். எங்கே வெட்ட வேண்டும் என்பதை எம்ஆர்ஐ ஏற்கெனவே காட்டிவிட்டது.

நாக்அவுட் குட்டி பிறக்கவே இல்லையென்றால்

சர்வதேசச் சுண்டெலி மரபணுக் கூட்டமைப்பு ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்ததில், மூன்றில் ஒரு பங்கு மரபணுக்களுக்கு நாக்அவுட் குட்டிகள் பிறக்காமலோ குறைவாகவோ போயின. அவற்றின் கருக்களைப் பார்க்க, எக்ஸ் கதிரால் முப்பரிமாணப் படமெடுக்கும் மைக்ரோ சிடி ஒரு நல்ல வழி. கருவின் மென்திசு எக்ஸ் கதிரில் தெரியாது, அயோடினில் ஊறவைத்தால் தெரியும். ஆனால் அயோடின் திசுவைச் சுருக்கும். அதனால் கருவை முதலில் 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடும் 4 சதவீத அக்ரிலமைடும் கலந்த கரைசலில் 4 டிகிரியில் மூன்று நாள் ஊறவைத்து, ஆக்சிஜனை நீக்கி 37 டிகிரியில் மூன்று மணி நேரம் வைத்தால் திசுவுக்குள்ளேயே ஜெல் கட்டி வடிவத்தைத் தாங்கும். வெளியே ஒட்டிய ஜெல்லைத் துடைத்துவிட்டு, 0.1 நார்மல் அயோடினில் 24 மணி நேரம் ஊறவிடுங்கள். பதினைந்தரை நாள் கருவை 14 மைக்ரான் தெளிவில் எடுத்தால் இதயத்தின் நடுச்சுவர்வரை தெரியும்.

இங்கே ஏமாற்றுவது வயது. இதயத்தின் கீழறைச் சுவர் பதினான்கரை நாள் வாக்கில்தான் மூடுகிறது. அந்த நிலையை எட்டாமல் பின்தங்கிய கருவில் அங்கே ஓட்டை இருந்தால் அது குறைபாடு ஆகாது, நேரம் ஆகவில்லை அவ்வளவுதான். கருவின் கை விரல்கள் எவ்வளவு பிரிந்திருக்கின்றன என்று பார்த்து உண்மையான வயதை நிர்ணயித்து, அதே நிலையில் உள்ள வைல்டு டைப்போடு ஒப்பிடுங்கள். நாக்அவுட் எல்லாமே பின்தங்கியிருந்தால், ஒரு நாள் தாமதித்து இன்னொரு ஈற்றை எடுங்கள். அப்போதும் சுவர் திறந்தே இருந்தால் ஓட்டை மரபணுவால் வந்தது.